கட்டணமில்லாமல் கணினி நிரல் கற்கலாம்



பி.யூ.சி. முடித்த பிள்ளைக்குக் கணினி கற்பிக்க நகையை அடகு வைத்துப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் பெற்றோரை, நம் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் பார்க்கிறேன். அதற்கு முன், செலவில்லாத ஒரு வழி இருப்பதை அவர்கள் அறிய வேண்டும்.

ஏழு ஐ.ஐ.டி.களும், நம் ஊர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியுடன் 2003ஆம் ஆண்டில் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர்களின் வகுப்புகளைப் படமாக்கி எல்லோருக்கும் இலவசமாக வழங்குவதே நோக்கம். 2014 முதல் வாராந்தரப் பயிற்சிகளும், தேர்வும், சான்றிதழும் சேர்ந்தன. இப்போது அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்குகின்றன. சேரக் கட்டணமில்லை; வயது தடையில்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, மையத்துக்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும். பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண்.

ஓய்வு பெற்றபின், ஐ.ஐ.டி. ரோபார் பேராசிரியர் சுதர்சன் ஐயங்காரின் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்’ என்ற 12 வாரப் பைத்தான் பாடத்தில் சேர்ந்தேன். டிப்ளமோ படித்த எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. ரயில்வேயில் பாயிண்ட் சரியாகத் திரும்பிப் பூட்டப்பட்டிருந்து, லைனில் வேறு வண்டியும் இல்லையென்றால்தான் சிக்னல் பச்சையாகும். இல்லாவிட்டால் சிவப்பே நிற்கும். இதைத்தான் இன்டர்லாக்கிங் என்போம். இப்படி ‘இருந்தால்’, ‘இல்லாவிட்டால்’ என்ற கட்டளைகளைக் கணினிக்குப் புரியும்படி வரிசையாக எழுதுவதே நிரல். ஒரு புள்ளி தவறினாலும் கணினி ஏற்காது. தவறு எந்த வரியில் என்று காட்டும். திருத்தித் திருத்தித்தான் கை பழகும்.

வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்கலாம். சில பாடங்களின் உரை தமிழிலும் கிடைக்கிறது. அடிப்படை பழகியவர்கள், சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் எட்டு வாரப் பாடத்துக்குச் செல்லலாம்.

ஆனால் ஒன்று. படத்தைப் பார்த்தால் மட்டும் நிரல் வராது. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியுமா? இங்கே ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க ஆசிரியர் இல்லை. அந்தக் கேள்வியைப் பெற்றோர்தான் கேட்க வேண்டும். வாரந்தோறும் பயிற்சி அனுப்பப்பட்டதா என்று பாருங்கள். சான்றிதழ் வந்ததும் வேலை வந்துவிடாது. தானே எழுதிய நிரல்தான் நேர்முகத்தில் கைகொடுக்கும்.

ஆகவே, முதலில் ஒரு பருவம் இதில் சேர்த்துப் பாருங்கள். ஒழுங்காகப் பயிற்சி அனுப்பும் பிள்ளைக்கு வேறு பயிற்சி நிலையம் தேவைப்படாமலே போகலாம். அனுப்பாத பிள்ளைக்கு அடகு வைத்த நகையும் உதவாது.