டாக்டர் யார் பெற்ற பிள்ளை?

2020 மார்ச் 1 அன்று பிரிட்டனில் ஒளிபரப்பான ஒரு எபிசோட் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களை இரண்டு கட்சியாக்கியது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நீலநிற போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தையும் விண்வெளியையும் சுற்றும் டாக்டர், 'டைம் லார்ட்' என்னும் இனத்தைச் சேர்ந்தவர், சொந்த ஊர் பிடிக்காமல் ஓடிவந்தவர் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' என்ற அந்த எபிசோட் அதைக் கவிழ்த்துப் போட்டது. டாக்டர் அந்த இனமே இல்லையாம்; எங்கிருந்தோ வந்து தனியாகக் கிடந்த குழந்தையாம். சாகும் தறுவாயில் புது உடல் எடுக்கும் சக்தியையே டைம் லார்டுகள் அந்தக் குழந்தையிடமிருந்துதான் பறித்துக்கொண்டார்களாம்.

சாதாரண ஆள் ஒருவர் நல்லது செய்யத் தீர்மானித்ததில்தான் இந்தக் கதையின் அழகு இருந்தது, பிறவியிலேயே அபூர்வம் என்றால் அதில் என்ன பெருமை என்று கேட்கிறது ஒரு கட்சி. டாக்டரைப் பற்றித் தெரியாதது எதுவுமே இல்லை என்றாகிவிட்டது, கொஞ்சம் மர்மம் திரும்பட்டுமே என்கிறது இன்னொன்று. தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர்கள் சிலர் டாக்டரிடம் தங்களைக் கண்டதும் உண்டு.

'அடிப்படையையே மாற்றிவிட்டார்கள்' என்பதுதான் எதிர்ப்பாளர்கள் அதிகம் சொல்லும் குற்றச்சாட்டு. ஆனால் அந்த அடிப்படை எப்போது போடப்பட்டது? 1963 நவம்பர் 23 அன்று தொடர் தொடங்கியபோது டாக்டரின் இனத்துக்குப் பெயரே கிடையாது. உருமாற்றம்கூட, 1966-ல் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது, வேறு நடிகரைக் கொண்டுவரச் செய்த ஏற்பாடு. டைம் லார்டுகள் 1969-ல் வந்தார்கள். டாக்டருக்கு இரண்டு இதயங்கள் என்பது 1970-ல். காலிஃப்ரே என்று அவர்களுடைய கிரகத்துக்குப் பெயர் வைத்தது 1973-ல்தான்.

பன்னிரண்டு முறைக்கு மேல் உடல் மாற முடியாது என்ற விதி 1976-ல் 'தி டெட்லி அசாசின்' கதையில் வந்தது. டைம் லார்டுகளை அதிகாரப் போட்டியில் உழலும் கிழட்டு அரசியல்வாதிகளாகக் காட்டிய கதை அது. மர்மத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அன்றைய ரசிகர் சங்கத் தலைவரே சாடி எழுதினார். இன்று அதே கதையைத் தொடரின் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள்! அது போட்ட பன்னிரண்டு கணக்கோ 2013-ல் முட்டுக்கட்டையாக வந்து நின்றது. டைம் லார்டுகள் டாக்டருக்குப் புதிதாக ஒரு சுற்று ஆயுளைக் கொடையளித்ததாகக் கதை சொல்லிச் சமாளித்தார்கள்.

அதே 1976-ல் வெளியான 'தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்' இன்னும் வேடிக்கை. அதில் ஒரு மனப்போரின்போது திரையில் எட்டுப் புதிய முகங்கள் தோன்றும். முதல் டாக்டருக்கும் முந்தைய டாக்டர்களாம். தயாரிப்பாளர், கதை ஆசிரியர் உள்ளிட்ட படப்பிடிப்புக் குழுவினர்தான் வேடம் கட்டி அந்தப் படங்களுக்கு நின்றார்கள். அப்படி ஒன்று நடக்காததுபோல் ரசிகர்கள் நாற்பது ஆண்டுக்கு மேல் தள்ளி வைத்திருந்த அந்த முகங்களுக்கு 2020 கதை இடம் கொடுத்துவிட்டது.

பெண் டாக்டர் பற்றிய சண்டையும் 2017-ல் டாக்டர் வேடத்துக்கு நடிகை ஜோடி விட்டேக்கர் பெயர் அறிவிக்கப்பட்ட அன்று பிறந்ததல்ல. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான சிட்னி நியூமன், டாக்டரைப் பெண்ணாக்கலாம் என்று 1986-லேயே பிபிசிக்கு எழுதியிருந்தார்.

எது அதிகாரப்பூர்வக் கதை, எது இல்லை என்று பிபிசி தீர்ப்புச் சொன்னதே இல்லை. 1960-களின் டேப்புகளை அதுவே அழித்துவிட்டதால் அந்தக் காலத்து எபிசோடுகள் பலவற்றை இன்று யாரும் பார்க்கவும் முடியாது. நீதிபதியும் இல்லை, ஆவணமும் முழுசாக இல்லை. வழக்கு எப்படி முடியும்? போதாக்குறைக்கு, வழக்குப் போட்டவர்களே பிறகு தொடரை நடத்த வந்துவிடுகிறார்கள். 2005-ல் அதை மீட்டெடுத்த ரஸல் டி டேவிஸ், அடுத்து வந்த ஸ்டீவன் மொஃபட் இருவருமே சிறுவயது முதல் ரசிகர்கள்.

மூன்றாமவர் கிறிஸ் சிப்னல் கதை எல்லாவற்றையும் விஞ்சியது. 1986 டிசம்பரில் பிபிசியின் 'ஓபன் ஏர்' நிகழ்ச்சியில் ரசிகராக வந்து உட்கார்ந்த பதினாறு வயதுப் பையன், அந்த ஆண்டின் கடைசி எபிசோடை எழுதிய பேக்கர் தம்பதியிடமே எழுத்து சரியில்லை என்று குறை சொன்னான். அந்தப் பையன்தான் பின்னாளில் 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' எழுதியவர்.

விதியை மீறினார் என்ற குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. எழுத்து சரியில்லை என்ற அவருடைய பழைய புகார்தான் அவருக்கே பொருந்துகிறது. இவ்வளவு பெரிய உண்மையை டாக்டர் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. அவரைக் கட்டிப்போட்டாற்போல் நிற்கவைத்து, வில்லன் மாஸ்டர் பாடம் நடத்துவதுபோல் சொல்லி முடிக்கிறான். நாடகமாக நடந்திருக்க வேண்டியது விளக்கவுரையாகிப் போனது.

2023-ல் டேவிஸ் மறுபடி பொறுப்பேற்றபோது, இந்தப் பிறப்புக் கதையை அழித்துவிடுவார் என்று எதிர்ப்பாளர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் அழிக்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் எபிசோடில் ஷூட்டி காட்வா நடித்த புதிய டாக்டர், தானும் தத்துப் பிள்ளைதான் என்று தன் வாயாலேயே சொல்கிறார்.