நான் இந்த இடத்துக்குத் தகுதியானவன்தானா?

பரங்கிப்பேட்டையிலோ லால்பேட்டையிலோ அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். நீட் தேர்வில் தேறி, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. தெரு முழுக்க இனிப்பு கொடுக்கிறார்கள். ஆனால் வகுப்பு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவள் மனம் வேறு பேசுகிறது. "எல்லாரும் இங்கிலீஷில் சரளமாகப் பேசுகிறார்கள். எனக்கு ஏதோ அதிர்ஷ்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்." அதனால் பாடம் புரியாதபோதும் அவள் எழுந்து கேட்பதில்லை. கேட்டால் தெரியாதவள் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்.

துபாயில் வேலை பார்க்கும் இளைஞருக்கும் இதே நிலை வரலாம். மேற்பார்வையாளர் பொறுப்பு தேடி வருகிறது. பத்து வருட அனுபவம் இருந்தும், "நமக்கெதற்கு அதெல்லாம்?" என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

இருவருக்கும் திறமையில் குறை இல்லை. தங்கள் திறமையைத் தாங்களே நம்ப முடியவில்லை. இதைத்தான் 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்கிறார்கள். 'நான் ஒரு போலி, மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்' என்று ஒருவர் தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொள்வதுதான் அது.

பெயர் வந்த கதை

1978ஆம் ஆண்டு, அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் இருவரும் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பட்டமும் பதவியும் பெற்ற 150க்கும் அதிகமான பெண்களை அவர்கள் கவனித்திருந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் வெற்றிக்கு அதிர்ஷ்டத்தையோ, தேர்வாளர்களின் தவறையோ காரணமாகச் சொன்னார்கள். ஆண்களுக்கும் இந்த உணர்வு உண்டு என்பது பிறகு வந்த ஆய்வுகளில் தெரிந்தது. 2020இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதன் அளவு 9 முதல் 82 சதவீதம் வரை இருந்தது. எந்த அளவுகோலால், யாரிடம் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'சிண்ட்ரோம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டாலும், மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் இது இல்லை. அமெரிக்க அதிபரின் மனைவியாக எட்டு ஆண்டுகள் இருந்த மிஷெல் ஒபாமாவே, 2018இல் லண்டன் பள்ளி மாணவிகளிடம் பேசியபோது, இந்த உணர்வு தன்னைவிட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

விடாத சுழல்

இந்த எண்ணம் ஒரு சுழல்போல இயங்குகிறது. புதிய வேலை ஒன்று வருகிறது, உடனே பயம் வருகிறது. சிலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தேவைக்கு மேல் உழைக்கிறார்கள். சிலர் தள்ளிப்போட்டுக் கடைசி நேரத்தில் அவசரமாக முடிக்கிறார்கள். வேலை நன்றாகவே முடிகிறது. ஆனால் முதல் வகையினர், "மாடாய் உழைத்ததால் தப்பித்தேன்" என்கிறார்கள். இரண்டாம் வகையினர், "அதிர்ஷ்டம்" என்கிறார்கள். இரண்டு கணக்கிலும் திறமைக்கு வரவு இல்லை! அதனால் எத்தனை முறை ஜெயித்தாலும் நம்பிக்கை வளர்வதில்லை. அடுத்த வேலை வந்ததும் பழைய பயம் திரும்பிவிடுகிறது.

'கோட்டாவில் வந்தவர்' என்ற பேச்சு

நம் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் உள்ளிருந்து மட்டும் வருவதில்லை, வெளியிலிருந்தும் ஊட்டப்படுகிறது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. இப்படிச் சேர்ந்தவர்களின் காதில் "கோட்டாவில் வந்தவர்" என்ற சொல் எப்படியும் விழுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் ஆறுதல் சொல்லவும் அனுபவசாலி யாரும் இல்லை.

இதற்குப் பதில் எளிது. ஒதுக்கீடு வாசல் கதவைத்தான் திறக்கிறது. 7.5 சதவீதத்தில் வருபவரும் நீட் தேர்வில் தேறித்தான் ஆக வேண்டும். உள்ளே போன பிறகு எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வினாத்தாள், ஒரே தேர்ச்சி மதிப்பெண். கோச்சிங் வசதியோடு வந்தவர் ஓடிய தூரத்தைவிட, அது இல்லாமல் வந்தவர் ஓடிய தூரம் அதிகம். ஆங்கிலம் தடுமாறுவது ஒரு குறைதான், ஆனால் பழகினால் தீரும் குறை. அதை அறிவின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் கடலூரில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன், பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருக்கு சாகித்ய அகாடமி விருதும் ஞானபீடமும் கிடைத்தன. சான்றிதழைப் பார்த்தா கொடுத்தார்கள்? எழுத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

தோல்வி வந்தால்?

"சரி, நான் பயந்தது போலவே தோற்றுவிட்டால்?" என்று கேட்கலாம். அப்துல் கலாம் விமானப்படைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்தார். இருந்த இடங்களோ எட்டு. பின்னாளில் அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்எல்வி-3 ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10 அன்று கடலில் விழுந்தது. அன்று இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன் தாமே பொறுப்பேற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றி பெற்றபோது, பத்திரிகையாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். தோல்வி கண்டவர் போலி ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தாங்கிப் பிடிக்கும் ஒரு மூத்தவர் எவ்வளவு முக்கியம் என்பதையும் இது காட்டுகிறது.

என்ன செய்யலாம்?

1. எழுதி வையுங்கள். முடித்த வேலை, பெற்ற மதிப்பெண், தீர்த்த சிக்கல் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு குறியுங்கள். சந்தேகம் வரும் நாளில் மனத்தைக் கேட்காமல் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள்.

2. வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்பிக்கையான நண்பரிடமோ சீனியரிடமோ பேசினால், "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று அவரும் சொல்லக்கூடும். பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

3. தெரியாததைக் கேளுங்கள். 'தெரியவில்லை' என்பது கற்றுக்கொள்கிறவரின் பேச்சு. போலிகள்தான் தெரிந்தது போல நடிப்பார்கள்.

4. பாராட்டை மறுக்காதீர்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தள்ளுவது பணிவு ஆகாது. "அல்ஹம்துலில்லாஹ், இதற்காக நன்றாக உழைத்தேன்" என்று சொல்லிப் பழகுங்கள். அதில் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை.

5. முழு தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தைரியம் வந்து செயலில் இறங்குபவர்கள் குறைவு. செய்யச் செய்யத்தான் தைரியம் வரும்.

தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெடும் அளவுக்குப் பயம் நீடித்தால் மருத்துவ ஆலோசனை பெறத் தயங்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416இல் பேசலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்ற பேச்சு, பிள்ளையின் மனத்தில் இந்தச் சந்தேகத்தை விதைத்துவிடும். மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல், "இன்று என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள்.

முதலில் சொன்ன மாணவி நாளை வகுப்பில் எழுந்து, "சார், இது புரியவில்லை" என்று கேட்டால் போதும். அதே சந்தேகத்தோடு பேசாமல் உட்கார்ந்திருக்கும் இன்னும் நாலு பேருக்கும் சேர்த்துத்தான் அவள் கேட்டிருப்பாள்.