சும்மா இருந்தாலும் பசிக்கும் காந்தம்

கொடுங்கையூரில் இருந்து எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை வெளி மையம் ஒன்றில் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) படம் எடுக்கக் கொடுத்தாராம். பணம் கட்டி, வரிசையில் காத்திருந்து, கடைசியில் மின்னஞ்சலில் கோடுகளும் முனைகளுமாக ஒரு படம் வந்திருக்கிறது. "அந்த மெஷினைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை சார். எங்கள் கல்லூரியிலேயே ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்கிறார்.

படத்தை எப்படிப் படிப்பது என்பது அவருக்கே தெரியும். மற்றவர்களுக்காக ஒன்று மட்டும். மூலக்கூறில் உள்ள ஹைட்ரஜன்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான். ஆனால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, காந்தத்துக்குள் கொஞ்சம் வேறு வேறு அலைவரிசையில் பதில் சொல்லும். 1951-ல் ஸ்டான்ஃபோர்டில் அர்னால்ட், தர்மாட்டி, பேக்கர்ட் மூவரும் எத்தனாலை வைத்துப் பார்த்தபோது 3:2:1 என்ற அளவில் மூன்று மேடுகள் எழுந்தன. சாராயத்தின் வடிவம் காகிதத்தில் தெரிந்தது. அந்த எஸ்.எஸ். தர்மாட்டி நம் நாட்டுக்காரர். பிறகு பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இந்தத் துறையை வளர்த்தவர்.

எனக்குப் பிடித்தது அந்தக் காந்தம்தான். 400 மெகாஹெர்ட்ஸ் கருவி என்றால் 9.4 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல இரண்டு லட்சம் மடங்குக்கு மேல். நியோபியம் கலந்த கம்பிச் சுருளுக்குள் ஒரு தடவை மின்சாரத்தை ஏற்றி இணைப்பை எடுத்துவிட்டால், அது சுற்றிக்கொண்டே இருக்கும், வருஷக்கணக்கில். தெருவெல்லாம் கரண்ட் போனாலும் காந்தம் போகாது. ஒரே நிபந்தனை, சுருள் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். மைனஸ் 269 டிகிரி. அதைச் சுற்றி மைனஸ் 196-ல் திரவ நைட்ரஜன்.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி வைத்திருக்கும் அக்காக்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். மீன் வந்தாலும் வராவிட்டாலும் ஐஸ் கரையும், காசு கரையும். இந்தக் காந்தமும் அப்படித்தான். யாரும் சாம்பிள் வைக்காத நாளிலும் ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நைட்ரஜனை வாரம் பத்து நாளுக்கு ஒரு தரம், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒரு தரம் ஊற்ற வேண்டும். ஹீலியமோ வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கு. தவறவிட்டால் சுருள் சூடேறி, மிச்சமிருக்கும் திரவம் நிமிஷக்கணக்கில் எழுநூறு மடங்குக்கு மேல் வாயுவாக விரியும். 'குவென்ச்' என்பார்கள். அறையில் ஆக்சிஜன் குறைந்துவிடும், நிற்காமல் வெளியே ஓட வேண்டியதுதான்.

ஆகவே தங்கையே, கல்லூரிக்கு ஒன்று என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970-களில் இதை யோசித்துத்தான் ஆர்.எஸ்.ஐ.சி. என்ற பொது மையங்களைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ளதை இப்போது சைஃப் என்கிறார்கள், பழைய ஆட்கள் இன்னும் ஆர்.எஸ்.ஐ.சி. என்றுதான் சொல்வார்கள். எந்தக் கல்லூரி மாணவரும் கட்டணம் கட்டிச் சாம்பிள் கொடுக்கலாம். தொழிற்சாலைகளும் கொடுக்கலாம், அவர்களுக்குக் கட்டணம் கூடுதல். வியாசர்பாடியில் படிப்பவருக்கும் மணலி ஆலைக்காரருக்கும் ஒரே காந்தம்.

என் வருத்தம் வேறு. மானியம் வந்த வேகத்தில் மெஷினை வாங்கி, படம் எடுத்துப் போட்டு, கதவைப் பூட்டி வைக்கிற இடங்கள் உண்டு. ஒரு துறைத் தலைவரிடம் கேட்டேன். "வெளியாள் தொட்டால் கெட்டுடும் சார்" என்றார். வெளியாள் தொடாமலே ஹீலியம் காலியாகிறதே! எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று நாடு முழுக்கத் தேடிப் பார்க்க 2020-ல் ஐ-ஸ்டெம் என்ற இணையதளம் தொடங்கினார்கள். நல்ல வேலை. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா? மெஷின் வாங்கக் கோடிகளில் கையெழுத்தாகும், அதை ஓட்டும் ஆபரேட்டருக்கு மட்டும் ஒப்பந்தச் சம்பளம். அவர் கிளம்பினால் கருவி நிற்கும், மாணவர்களின் ஆய்வும் சேர்ந்து நிற்கும்.

அடுத்த தடவை சாம்பிள் கொடுக்கப் போகும்போது அந்த ஆபரேட்டரிடமே கேளுங்கள், நேரம் இருந்தால் காட்டுவார். வாட்ச், சாவிக்கொத்து, ஏ.டி.எம். கார்டு எல்லாவற்றையும் வெளியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.