அழைத்த உடனே பதிவாகும் மதம்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. விஸ்வ ஹிந்து பரிஷத்தில் இருந்தபோது பிரவீண் தொகாடியா முன்னெடுத்த ‘ஹிந்து ஹெல்ப்லைன்’ போல, ஒரு சமூகத்தாருக்கென்றே இயங்கும் உதவி எண்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும், மத அமைப்பு என்பதற்காக விலக்கு இல்லை. ஆனால் எந்த அளவுக்கு என்பதுதான் கவலை தருகிறது.

மற்ற உதவி எண்களில் நாம் சொன்னால்தான் நம் மதம் தெரியும். இங்கே எதிர்முனையில் ஒரு வார்த்தை கேட்கும் முன்பே செல்போன் எண்ணும் மதமும் ஒன்றாகப் பதிவாகிவிடுகின்றன. மத நம்பிக்கையையும் சாதியையும் கூடுதல் காப்பு தேவைப்படும் தரவுகள் என்று இச்சட்டத்துக்கு முன்னோடியான 2019 மசோதா தனியே பிரித்திருந்தது. 2023இல் நிறைவேறிய இந்தச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. எளிமையான சட்டம் என்று அரசு பெருமைப்படுகிறது. அந்த எளிமையில் அடிபட்டுப்போனது இந்தக் காப்பு. அதோடு, ஒருவர் தாமாக முன்வந்து தரவைக் கொடுத்து மறுப்பும் சொல்லாவிட்டால், ‘குறிப்பிட்ட நோக்கத்துக்கு’ அதைப் பயன்படுத்த 7ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்டம் காட்டும் உதாரணம், ரசீதுக்காக மருந்துக் கடையில் எண் கொடுப்பவர். உதவி கேட்டு அழைப்பவரையும் இதே கணக்கில் சேர்க்க முடியும். முன்னறிவிப்பு கொடுத்து ஒப்புதல் வாங்கும் கடமை அப்போது எழாது. ஆனால், அறிவிப்பில் சொல்லப்பட்டதே ‘குறிப்பிட்ட நோக்கம்’ என்கிறது சட்டத்தின் வரையறை. அறிவிப்பே இல்லாதபோது நோக்கம் எங்கே எழுதப்பட்டிருக்கும்? ஆஸ்பத்திரி உதவி கேட்டவரின் எண் தேர்தல் பிரசாரத்துக்குப் போனால், அவர் எதைக் காட்டி முறையிடுவார்?

விரும்பித்தானே அழைக்கிறார்கள் என்பார்கள். அழைப்பவரின் விருப்பம் அவருடைய தரவுக்கு மட்டுமே செல்லும். மகளின் காதலைச் சொல்லி உதவி கேட்கும் தந்தை மகளின் பெயரையும் அந்த இளைஞனின் பெயரையும் கொடுக்கிறார். அந்த இருவரும் எதற்கும் சம்மதிக்கவில்லை. பெரும்பான்மைச் சமூகத்துக்கு என்ன பயம் என்பது இன்னொரு வாதம். பட்டியல் எப்போதும் ஒரே கையில் இருப்பதில்லை. தொகாடியாவே 2018இல் பரிஷத்தை விட்டு விலகித் தனி அமைப்பு கண்டார். அமைப்பு உடையும்போது பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்று அழைத்தவரிடம் யார் கேட்பார்கள்? இத்தகைய எண்களால் ஆபத்தில் கைகொடுக்க முடியும் என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் அவற்றை நம்பி அழைப்பவருக்குக் காப்பு வேண்டும். பள்ளிவாசலோ தேவாலயமோ நடத்தும் எண்களுக்கும் இதே வாதம் பொருந்தும்.

வாசகர்களின் மற்றக் கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பதிவை அழிக்கச் சொல்லலாமா? பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபின் சொல்லலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்கு அது இன்னும் தேவைப்பட்டாலோ, வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலோ தவிர.

புகார் யாரிடம்? முதலில் அந்த அமைப்பிடம், பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம்.

18 வயதுக்குக் குறைந்தவர் அழைத்தால்? பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்க்க வேண்டும்.

பொய்ப் புகார் கொடுத்தால்? 10,000 ரூபாய் வரை அபராதம்.

மதத் தரவுக்கான தனிக் காப்பை நாடாளுமன்றம் மீண்டும் சேர்க்க வேண்டும். அதுவரை, உதவி எண்ணை அழைப்பவர்கள் என் எண்ணை எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பிறர் பெயரைச் சொல்லாதீர்கள்.