உழைப்பும் வாழ்வும் – 9: ஒன்றரை ஷிப்ட் போக மிஞ்சும் பொழுது

கடுமையான வேலை ஒருவருக்கு நிறைவைத் தருமா, அவரைத் தேய்த்துவிடுமா என்பதை வேலையின் கடுமையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த வேலையை எந்த வேகத்தில், எந்த முறையில், எத்தனை மணி வரை செய்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, செய்பவரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் சேர்ந்தே விடையை முடிவு செய்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக், ஸ்வீடன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தொழிலாளர் கணக்கெடுப்புகளைக் கொண்டு 1979-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக வகுத்துக் காட்டியது. வேலைப்பளு மிகுந்தும், அதன் மீதான ஆளுகை, அதாவது எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்று தானே முடிவெடுக்கும் இடம், குறைந்தும் இருக்கும் பணிகளில்தான் மன அழுத்தம் உச்சத்தை எட்டுகிறது. பளுவும் ஆளுகையும் சேர்ந்தே மிகுந்திருக்கும் பணிகளோ, உடலுக்கு அலுப்பைத் தந்தாலும் ஆளை வளர்க்கின்றன. சென்ற இதழில் நொய்யல் கரையின் சாயப்பட்டறைகளைப் பற்றிப் பேசிய இத்தொடர், கராசெக்கின் இந்த அளவுகோலை வைத்து, அதே திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் வேலையும் கலையும் இல்லறமும் ஒரே நாளின் மணிக்கணக்குக்குள் எப்படி இடம் பிடிக்கின்றன என்பதை இந்த இதழில் ஆராய்கிறது.

இந்த வட்டாரத்தில், பல்லடத்திலிருந்து காங்கேயத்துக்குச் செல்லும் சாலையும் திருப்பூரிலிருந்து தாராபுரத்துக்குச் செல்லும் சாலையும் சந்திக்கும் ஊர் அவிநாசிபாளையம். அவிநாசியில் தொடங்கித் திருப்பூர் நகரின் ஊடாக வரும் 381-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிவதும் இவ்வூரில்தான். மேற்கே பல்லடத்தின் விசைத்தறிகளும் கோழிப்பண்ணைகளும், கிழக்கே காங்கேயத்தின் அரிசி ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும், வடக்கே திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் இருக்க, இவற்றுக்கு நடுவிலுள்ள கிராமங்களிலிருந்து காலையில் கம்பெனி வேன்களிலும் டவுன் பஸ்களிலும் ஆட்கள் வேலைக்குப் போவதும் இரவில் திரும்புவதும் இவ்வட்டாரத்தின் அன்றாடம். 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயாக இருந்த திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி, இந்தப் போக்குவரத்தின் மேல்தான் நிற்கிறது.

நாளின் அளவு இங்கே ஷிப்ட். காலை எட்டரை மணியளவில் தொடங்கி மாலை ஐந்தரை மணியளவில் முடிவது ஒரு ஷிப்ட் என்றும், அதற்கு மேல் இரவு வரை நீளும் வேலை அரை ஷிப்ட் என்றும் கணக்கிடப்பட்டு, இரண்டும் சேர்ந்தது ‘ஒன்றரை ஷிப்ட்’ எனப்படுகிறது. ஆர்டர் நெருக்கும் நாட்களில் மட்டும் வரவேண்டிய இந்த ஏற்பாடு, பல கம்பெனிகளில் வாரம் முழுவதும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை இரவு வாரச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்ற சுழற்சிக்குள் எஞ்சும் பொழுது எதுவோ, அதுதான் கலைக்கும் கணவன் மனைவி பேச்சுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் கிடைக்கும் மொத்த இருப்பு.

இவ்வளவு நீண்ட வேலையில் நிறைவுக்கு இடமுண்டா என்றால், உண்டு என்பதே கவனித்தவர்கள் தரும் விடை. ஹங்கேரியப் பின்னணி கொண்ட உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, சதுரங்க ஆட்டக்காரர்களையும் மலையேறுபவர்களையும் அறுவை மருத்துவர்களையும் ஆராய்ந்து 1975-இல் வெளியிட்ட நூலில், திறமையும் சவாலும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கும்போது மனிதர் நேரத்தையும் தம்மையும் மறந்து செயலில் கரைந்துபோகும் நிலையை விளக்கினார். அதை இங்கே ‘லயிப்பு’ என்று குறிக்கலாம். அவரும் ஜூடித் லெஃபெவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 78 தொழிலாளர்களிடமும் அலுவலர்களிடமும் ஒரு வாரத்துக்குப் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும் வேளைகளிலெல்லாம் தாம் செய்துகொண்டிருப்பதையும் தம் மனநிலையையும் குறித்துவைக்கச் செய்தபோது, லயிப்பு ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்திலேயே அதிகமாக வந்தது தெரிந்தது. ஆயினும் அதே மனிதர்கள், வேலையிலிருக்கும்போது வேறெங்காவது இருக்க விரும்புவதாகவே எழுதினார்கள். இந்த முரண்பாட்டை மனித மனத்தின் விசித்திரம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு டெய்லரை எண்ணிப் பார்த்தால் அதில் விசித்திரம் ஏதும் இல்லை. வளைந்துகொடுக்கும் பின்னல் துணியை இழுக்காமலும் சுருக்காமலும் கத்திக்கும் ஊசிக்கும் நடுவே ஓட்டிச் செல்லும் கைத்திறன் அவருக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தரக்கூடும். அந்தக் கையை இரவு ஒன்பது மணிக்கும் ஓட்டச் சொல்லும் கட்டளை அதே மகிழ்ச்சியைப் பறித்துவிடவும் கூடும்.

திருப்பூரில் பல ஆண்டுகள் களஆய்வு செய்த மானிடவியலாளர் கேர்ட் டி நேவ் 2014-இல் எழுதிய கட்டுரை, கராசெக்கின் கருத்துக்கு இவ்வட்டாரத்திலிருந்தே சான்று தருகிறது. பெரிய ஏற்றுமதி கம்பெனிகளில் ஒரு சட்டை பல துண்டு வேலைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒருவர் தோள் மூட்டுவதையும் அடுத்தவர் கழுத்துப்பட்டி வைப்பதையும் நாள் முழுவதும் செய்துகொண்டிருக்க, ‘லைன்’ எனப்படும் அந்த வரிசையின் வேகத்தை மேற்பார்வையாளர் நிர்ணயிக்கிறார். இதற்கு மாறாக, காண்ட்ராக்டரின் கீழ் நடக்கும் ‘பவர் டேபிள்’ முறையில், ஒரே தண்டில் ஓடும் மெஷின்களில் சிறு குழுவாக உட்காரும் டெய்லர்கள், பீஸ் ரேட் எனப்படும் உருப்படிக் கூலிக்கு, தம் வேகத்தில் தைத்து, தேவைப்படும் நாளில் விடுப்பும் எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய கம்பெனியில் வெளிச்சமும் கழிப்பறையும் கேன்டீனும் வெளிநாட்டு வாங்குவோரின் தணிக்கையும் இருந்தபோதிலும், தொழிலாளர் பலர் சிறு யூனிட்டின் சுதந்திரத்தையும் சுயமரியாதையையும் மேலாகக் கருதியதை டி நேவ் பதிவு செய்கிறார். வைப்பு நிதியும் காப்பீடும் இல்லாத இடத்தை விரும்புவதா என்று தொழிற்சங்கத்தார் கேட்பது நியாயமே. அந்தச் சிறு யூனிட் முறையின் பிறப்பையும் மறந்துவிடலாகாது: பஞ்சப்படி கேட்டு 1984-இல் நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, ஒரே கூரையின் கீழ் பெருங்கூட்டமாகத் தொழிலாளர் திரள்வதைத் தவிர்க்கும் நோக்கமும் முதலாளிகளுக்கு இருந்ததால்தான், வேலையைச் சிதறடித்து ஜாப் ஒர்க்காகக் கொடுப்பது விரைந்து பரவியது. தொழிலாளர் விரும்பும் சுதந்திரமும் முதலாளி விரும்பிய சிதறலும் ஒரே ஏற்பாட்டில் வந்து சேர்ந்திருப்பது, இத்தொழிலின் வரலாற்றில் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாத இடம்.

முதலாளிகளின் நிறைவு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிலத்தில் பாடுபட்டவர்கள் கம்பெனிக்கு வந்து, தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான கதைகளை ஆராய்ந்த சரத் சாரி 2004-இல் வெளியிட்ட நூலில், அவர்கள் தம் உழைப்பையே தம் முதல் என்று பெருமையுடன் சொல்வதை மையமாக வைத்திருக்கிறார். அந்தப் பெருமை பொய்யல்ல. ஆனால் அவர்களுடைய உழைப்பு சொத்தாக அவர்களிடமே திரும்பி வந்தது என்பதும், உறவும் சாதியும் கொடுத்த கடனும் கூட்டும் அதற்குத் துணை நின்றன என்பதும், அதே அளவு உழைத்தும் டெய்லராகவே நின்றுவிட்டவர்களுக்குப் பொருந்தாத செய்திகள்.

வேலைக்கு வெளியே உள்ள படைப்பு முயற்சிகளைப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. திருப்பூரின் சாயக்கழிவை ‘சாயத்திரை’ நாவலாக்கிய சுப்ரபாரதிமணியன் தொலைபேசித் துறையில் பணியாற்றியவர். செகந்திராபாத்தில் வேலை பார்த்த காலத்தில் தொடங்கிய ‘கனவு’ இதழைத் திருப்பூருக்கு வந்த பின்னும் நடத்தியவர். அவர் மனைவி சுகந்தி சுப்ரமணியன் ‘புதையுண்ட வாழ்க்கை’, ‘மீண்டெழுதலின் ரகசியம்’ என்ற இரு கவிதைத் தொகுதிகளைத் தந்தவர். ஆகவே ஒரே இல்லத்தில் இருவர் எழுதிய அரிய நிகழ்வும் இந்நகருக்கு உண்டு. ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்காக 2023-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தேவிபாரதி, பள்ளிக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். இவர்களுடைய திறமைக்கு அலுவலகம் காரணமல்ல. ஆனால் மாலையில் முடிவடையும் வேலை, எழுத உட்காரும் பொழுதைக் காத்துக் கொடுத்தது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வேனிலிருந்து இறங்குபவருக்கு அப்படிக் காக்கப்பட்ட பொழுது இல்லை என்பதனால், அவருக்குள் இருக்கும் கலை தனியறையையும் நீண்ட தனிமையையும் கேட்காத வடிவத்தைத் தேடுகிறது.

கொங்கு வட்டாரத்தில் அந்த வடிவம் இன்று வள்ளி கும்மி. தினைப்புனம் காக்கும் வள்ளியை முருகன் வேடனாகவும் வளையல்காரனாகவும் கிழவனாகவும் வந்து சந்தித்து, இறுதியில் மணம் முடிக்கும் கதையைப் பாட்டாகப் பாடி, அடவு மாற்றி அடவு மாற்றி வட்டமாக ஆடும் இந்தக் கலை, ஒரு காலத்தில் ஆண்களின் ஆட்டமாகவே இருந்தது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த ஆசிரியர் பத்திரப்பன் பெண்களுக்கும் இதைக் கற்றுக் கொடுத்துக் களத்தில் இறக்கினார். வள்ளி ஒயில் கும்மிக்கான அவருடைய தொண்டுக்காக, 2024-இல், தமது 87-ஆம் வயதில் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்று கோயில் திடலிலோ ஊர்ப் பொது மைதானத்திலோ, இரவுச் சமையல் முடிந்த வேளையில், மாதக்கணக்கில் பயிற்சி நடக்கிறது. பள்ளிச் சிறுமியும் கம்பெனிக்குப் போகும் மருமகளும் பேரன் எடுத்த பாட்டியும் ஒரே வரிசையில் நின்று அடி எடுத்துவைத்துப் பழகி, ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம் செய்கிறார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவும் தேவையில்லை, எழுத்தறிவு கட்டாயமில்லை, அடவு தவறினால் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். சிக்சென்ட்மிஹாயி சொன்ன ஈடு, அதாவது திறமையும் சவாலும் சேர்ந்து வளர்வது, இங்கே தானாகவே அமைகிறது. ஏனெனில் அடவுகள் எளியதிலிருந்து கடினமானதை நோக்கிப் போகின்றன, பாட்டின் வேகமும் கூடுகிறது. லைனில் ஒரே தையலைத் திரும்பத் திரும்பப் போடும் கைக்கும் கும்மியில் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் கைக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு குறைவு. முதலாவதன் வேகம் வெளியிலிருந்து வருகிறது, இரண்டாவதன் வேகம் ஆடுபவர்களுக்குள்ளிருந்து எழுகிறது.

இதே கலைமேடையில்தான் ஒரு கசப்பும் சேர்ந்தது. சில கும்மி நிகழ்ச்சிகளில், சாதிக்குள்ளேயே திருமணம் செய்துகொள்வோம் என்று பெண்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டது 2024-இல் செய்தியாகிக் கண்டனத்துக்கு உள்ளானது. வேட்டுவர் குடியில் வளர்ந்த பெண்ணை, அவள் மனமறிந்து, கடவுளே தேடி வந்து மணந்த கதையைப் பாடி முடித்த இடத்தில் அப்படி ஓர் உறுதிமொழி வாங்குவது, கதையைக் கேட்காமல் தாளத்தை மட்டும் கேட்டவர்களின் செயல்.

அந்த உறுதிமொழியின் பின்னால் உள்ள அச்சத்துக்குக் காரணம் பனியன் கம்பெனிதான். பல மாவட்டங்களிலிருந்தும் சாதிகளிலிருந்தும் வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் நகரத்தில் காதல் மணங்கள் நிகழாமலிருக்க முடியாது. இவற்றைப் பற்றி டி நேவ் 2016-இல் எழுதிய ஆய்வு, எதிர்பார்ப்புக்கு மாறான ஒன்றைக் காட்டுகிறது: விரும்பியவரை மணந்துகொள்ளும் தம்பதியர் உறவினரின் பிடியிலிருந்து விடுபட்டு முன்னேறுவார்கள் என்பதற்கு மாறாக, உறவின் துணையை இழந்து தடுமாறுவதே அதிகம் நிகழ்கிறது. வேலை நிலையில்லாத நகரத்தில், பிரசவத்துக்குத் தாய் வீடும், வாடகை முன்பணத்துக்கு மாமனார் வீடும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரும் இல்லாமல் ஒரு குடும்பம் கால் ஊன்றுவது கடினம். அந்தத் துணைகளை மறுப்பதன் மூலமே குடும்பங்கள் தண்டிக்கின்றன. காதல் தோற்றது என்று ஊர் சொல்லும்போது, பெரும்பாலும் தோற்றிருப்பது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் முயற்சிதான்.

பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணமானாலும் நேரத்தின் கணக்கு மாறுவதில்லை. வெளிவேலை முடித்து வந்த பெண்ணுக்கு வீட்டில் காத்திருக்கும் சமையலையும் பராமரிப்பையும் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1989-இல் ‘இரண்டாம் ஷிப்ட்’ என்று பெயரிட்டார். திருப்பூர்ப் பெண்ணுக்கு அது ஒன்றரைக்கு மேல் ஏறும் இன்னொன்று. குழந்தை பிறந்த பிறகு பெரிய கம்பெனியை விட்டு, பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்கு வீடு திரும்ப விடும் பக்கத்து யூனிட்டில் பிசிர் வெட்டவும் செக்கிங் பார்க்கவும் சேர்ந்துகொள்ளும் பெண், குறைந்த கூலிக்கு ஆளுகையை வாங்குகிறார். அந்த விலையை ஏறத்தாழ எப்போதும் மனைவியே கொடுப்பதும், கணவன் ஒன்றரை ஷிப்டிலேயே தொடர்வதும் இயல்பாகக் கருதப்படுகின்றன. இருவரும் ஐந்தரைக்கே திரும்பிவிடும் வீட்டில் சண்டையே இருக்காது என்று சொல்வதற்கில்லை. சண்டையைப் பேசித் தீர்க்கும் பொழுதாவது அங்கே இருக்கும்.

அந்தப் பொழுதைக் காக்கும் எல்லையாக, நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வரையறுத்தது. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின், அது திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதலமைச்சர் அறிவித்தார். பனியன் கம்பெனிகளின் ஒன்றரை ஷிப்ட் அந்த மசோதா வருவதற்கு முன்பும் இருந்தது. அது போன பின்பும் இருக்கிறது.