குதிரைத்திறனும் விலைச்சீட்டும்

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்களின் திறனைக் குறிப்பிட்டபோது ஒரே எஞ்சினுக்கு இரண்டு எண்களை வெளியிட்டது. செவ்ரோலே கமேரோ இசட்-28 காரின் 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு ஓர் எண் 330 குதிரைத்திறன்; மற்றோர் எண் 275. இரண்டும் பொய்யல்ல. எஞ்சினைக் காரிலிருந்து தனியே எடுத்து நிறுத்தி, மின்னாக்கி, காற்று வடிகட்டி, சைலன்சர் முதலிய சுமைகள் ஏதுமின்றி இயக்கி அளந்தது முதல் எண். அவற்றையெல்லாம் பூட்டி, சாலையில் ஓடும் நிலைக்கு ஒப்ப வைத்து அளந்தது இரண்டாம் எண். மாதச் சம்பளத்தில் மொத்தத் தொகைக்கும் பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள வேறுபாடு போன்றதுதான் இது. அடுத்த ஆண்டு முதல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் அனைவரும் கைக்கு வரும் கணக்குக்கே மாறிவிட்டனர்.

இனி 2016-க்கு வருவோம். அவ்வாண்டு புதிய வடிவில் வந்த கமேரோவின் அடிப்படை வகையில் இருந்தது இரண்டே லிட்டர் கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின். அதன் நிகரத் திறன் 275 குதிரைத்திறன். முன்பு 5.7 லிட்டரும் எட்டு சிலிண்டரும் கொண்ட, பந்தயப் பெயர் பெற்ற எஞ்சின் தந்த அதே திறனை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள எஞ்சின், அதுவும் அந்த வரிசையின் கடைசிப் படியில் இருந்தது, தந்துவிட்டது. "அந்தக் காலத்துக் கார் போல வருமா" என்று பெருமூச்சு விடுவோர் இந்தக் கணக்கை ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். முடுக்கம், தடைபிடிப்பு, வளைவுகளில் நிலைகொள்ளுதல், எரிபொருள் சிக்கனம் என எதை எடுத்துக்கொண்டாலும் இன்றைய மஸில் கார், தன் பாட்டனைத் தொலைவில் விட்டுச் சென்றுவிடும். அப்படியானால் 'பாரம்பரியம்' என்று அதன் தயாரிப்பாளர்கள் விளம்பரப்படுத்துவது எதை? அதை அறிய, அந்தக் கார்கள் எதற்காகப் பிறந்தன என்பதைப் பார்க்க வேண்டும்.

1963-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் கார்ப் பந்தயங்களில் ஈடுபடுவதைத் தடை செய்தது. நடுத்தர அளவுக் கார்களில் 5.4 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்றும் ஒரு விதி இருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவர் குழுவினரும் அந்த விதியை மீறவில்லை. அதன் ஓரமாக நடந்து சென்றார்கள். புதிய காருக்குத்தான் மேலிடத்தின் ஒப்புதல் தேவை; ஏற்கெனவே இருக்கும் காருக்குக் கூடுதல் பொருத்துகை தர அது வேண்டியதில்லை. எனவே டெம்பஸ்ட் என்னும் சாதுவான குடும்பக் காருக்கு 6.4 லிட்டர் எஞ்சின் அடங்கிய ஒரு விருப்பத் தொகுப்பை 300 டாலருக்குள் விற்பனைக்கு வைத்தார்கள். அதன் பெயர் ஜி.டி.ஓ. 5,000 கார்கள் விற்றால் போதும் என்று எண்ணியிருந்தனர். 1964-ஆம் ஆண்டு வரிசையில் 32,000-க்கும் மேல் விற்றன. பெரிய எஞ்சின், சாதாரண உடல், எட்டக்கூடிய விலை என்ற இலக்கணம் அன்று வகுக்கப்பட்டது.

அதே 1964-இல், ஏப்ரல் 17 அன்று, நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை அறிமுகம் செய்தது. தொடக்க விலை 2,368 டாலர். இரண்டே ஆண்டுகளில் பத்து இலட்சம் கார்கள் விற்றுத் தீர்ந்தன. (நுணுக்கம் பார்ப்போர் மஸ்டாங், கமேரோ போன்ற சிறிய உடல் கொண்டவற்றை 'போனி கார்' என்று தனியே வகைப்படுத்துவர், மக்கள் வழக்கில் அந்த வேலி எப்போதோ சாய்ந்துவிட்டது.) போர் முடிந்தபின் பிறந்த பெருந்தலைமுறை அப்போதுதான் வேலைக்குச் சென்று, முதற் சம்பளம் வாங்கி, தவணையில் கார் வாங்கும் வயதுக்கு வந்திருந்தது.

இந்த இலக்கணத்தை மிகத் தூய்மையாகக் கடைப்பிடித்த கார் எதுவென்று கேட்டால், நான் 1968-இன் பிளிமத் ரோட் ரன்னரையே சொல்வேன். கால் மைல் தொலைவை 14 வினாடி அளவில் கடக்க வேண்டும். விலை 3,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 335 குதிரைத்திறன் எஞ்சினைக் கொடுத்துவிட்டு, தரைவிரிப்பைக்கூட எடுத்துவிட்டார்கள். பிடிவாதமாக விட்டுக்கொடுக்காத ஒரே ஆடம்பரம், கார்ட்டூன் பறவையின் குரலில் ஒலிக்கும் ஹார்ன். விலை 2,896 டாலர்.

அக்காலத்தில் வேகத்துக்கு இரண்டு பள்ளிகள் இருந்தன. ஒன்று, டெட்ராய்ட்டின் உட்வர்டு அவென்யூ போன்ற நேரான சாலைகளில், சிவப்பு விளக்கிலிருந்து அடுத்த விளக்கு வரை நடந்த பந்தயங்களிலும், கால் மைல் டிராக் பந்தயத் தளங்களிலும் வளர்ந்தது. மற்றொன்று, 1966-இல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் என்னும் வளைவுப் பாதைப் பந்தயத்தில் வளர்ந்தது. அங்கே எஞ்சின் கொள்ளளவு ஐந்து லிட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள் அடங்கவே செவ்ரோலே 4.9 லிட்டர் எஞ்சினுடன் முதல் இசட்-28-ஐ உருவாக்கியது. 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கமேரோவே வெற்றிக் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது. 1970-இல் மஸ்டாங் பாஸ் 302 அதைப் பறித்துக்கொண்டது. அவ்வாண்டு வரிசையில்தான் டாட்ஜ் சாலஞ்சர் களமிறங்கியது. அதன் புகழ் 7 லிட்டர் ஹெமி எஞ்சினுக்கும் நேர்ப்பாதைக்கும் உரியது. இந்தப் பள்ளிப் பிரிவை நினைவில் வைத்துக்கொண்டால், இன்றைய கார்களை ஒப்பிடுவது எளிதாகிவிடும்.

மஸில் காரின் வீழ்ச்சிக்கு 1973-இன் எண்ணெய்த் தடையையே பலரும் காரணமாகச் சொல்வர். நோய் அதற்கு முன்பே பற்றிவிட்டது. எடைக்கு மிஞ்சிய குதிரைத்திறன் கொண்ட கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் விதிக்கத் தொடங்கியிருந்தன. 20 வயது இளைஞன் காரின் தவணையைக் கட்டிவிடுவான். அதோடு காப்பீட்டுக் கட்டணமும் சேர்ந்தபோது கணக்கு உதைத்தது. 1970-இன் தூய காற்றுச் சட்டம் அடுத்த அடி. உமிழ்வைக் குறைக்க எஞ்சின்களின் அழுத்த விகிதம் தணிக்கப்பட்டது. வினையூக்கி மாற்றிகள் வந்தன. 1975-இல் கமேரோவில் கிடைத்த மிகப் பெரிய எஞ்சினின் திறன் 155 குதிரைத்திறன். அது முன்சொன்ன அதே 5.7 லிட்டர் கொள்ளளவு கொண்டது. சாலஞ்சர் 1974-உடன் நின்றுபோனது. 1974-இன் மஸ்டாங்கில் எட்டு சிலிண்டர் எஞ்சினே கிடையாது. ஆயினும் எரிபொருள் விலை ஏறிய அந்த நாளில் அது மூன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்றது. ஆர்வலர்கள் அந்தக் காரை இன்றும் மன்னிப்பதில்லை. எனினும் மஸ்டாங் என்ற பெயரை உயிரோடு வைத்திருந்தது அதுவே.

அந்தப் பெயர் மீண்டும் ஒரு முறை பிழைத்தது வாடிக்கையாளர்களின் கடிதங்களால். 1980-களின் நடுவில், ஜப்பானின் மஸ்தா நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய, முன்சக்கர இயக்கம் கொண்ட காருக்கு மஸ்டாங் பெயரைச் சூட்ட ஃபோர்டு திட்டமிட்டது. செய்தி வெளியானதும் எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. நிறுவனம் பின்வாங்கியது. புதிய கார் புரோப் என்ற பெயரில் தனியே வந்தது. பழைய மஸ்டாங் பின்சக்கர இயக்கத்தோடும் எட்டு சிலிண்டரோடும் தொடர்ந்தது.

2005-இல் 1960-களின் முகச்சாயலோடு வந்த மஸ்டாங்கின் வெற்றியே மற்ற இருவரையும் எழுப்பியது. 2008-இல் சாலஞ்சரும், 2002-இல் நிறுத்தப்பட்டிருந்த கமேரோ 2009-இலும் திரும்பின. இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. 'அமெரிக்கத் தசைவலிமை' என்று கொடி கட்டி விற்கப்பட்ட சாலஞ்சர் உருவானது கனடாவில். அதன் அடித்தளத்தில், டாட்ஜின் தாய் நிறுவனம் டைம்லரோடு இணைந்திருந்த நாளில் பெற்ற மெர்சிடிஸ் பாகங்களின் மரபு இருந்தது. திரும்பி வந்த கமேரோவின் அடித்தளம் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. அதன் தொழிற்சாலையும் முதலில் கனடாவில்தான். மூன்றில் மிச்சிகன் மண்ணிலேயே நின்றது மஸ்டாங் மட்டுமே.

மூவரும் ஒரே மூதாதையின் வாரிசுகள் என்றாலும், ஆளுக்கொரு சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கமேரோ எடுத்துக்கொண்டது வளைவுப் பாதையை. 2016-இன் வடிவம் முந்தையதைவிட 90 கிலோவுக்கும் மேல் இளைத்தது. 650 குதிரைத்திறன் கொண்ட இசட்.எல்.1-இன் பந்தயத் தளத் தொகுப்பு பூண்ட வகை, 2017-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 16 வினாடியில் சுற்றிவந்தது. ஓட்டத்தில் மூன்றிலும் சிறந்தது இதுவே என்பது என் கருத்து. ஆனால் அதன் சன்னல்கள் கோட்டைச் சுவரின் துளைகள் போலக் குறுகியவை, பின்னிருக்கை பெயரளவுக்கே. ஓட்டிப் பார்த்துப் புகழ்ந்தவர்கள் பலர், வாங்கியவர்கள் குறைவு.

சாலஞ்சரோ நேர்ப்பாதையை எடுத்துக்கொண்டது. மூன்றிலும் பழைய அடித்தளம், மிகுந்த எடை, அகன்ற உடல். வளைவில் அது திரும்புவதைக் காட்டிலும் யோசிப்பதே அதிகம். ஆனால் 2015-இல் வந்த ஹெல்கேட் வகையில் 707 குதிரைத்திறன் இருந்தது. அதற்கு இரண்டு சாவிகள்: சிவப்புச் சாவி முழுத் திறனையும் திறக்கும், கறுப்புச் சாவி 500-இல் நிறுத்திவிடும். 2018-இன் டீமன், பந்தய எரிபொருளில் 840 குதிரைத்திறன் தந்து, கால் மைலை 9.65 வினாடியில் கடந்தது. புறப்படும் வேகத்தில் அதன் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழுந்தன. எடையைக் குறைக்க ஓட்டுநர் இருக்கை ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, அருகில் அமர்பவரின் இருக்கையை வேண்டுவோர்க்கு ஒரு டாலருக்குத் தந்தார்கள். 2023-இல் விடைபெறும்போது வந்த டீமன் 170, எத்தனால் கலந்த எரிபொருளில் 1,025 குதிரைத்திறனை எட்டியது. கால் மைல் 8.91 வினாடி. ரோட் ரன்னர் குறிவைத்த 14 வினாடிகளை இதனருகே வைத்துப் பாருங்கள்.

வியப்பு என்னவெனில், இந்தக் கிழட்டு யானைதான் விற்பனையிலும் வென்றது. 2018-இல் கமேரோவையும், 2021-இல் மஸ்டாங்கையும் அது முந்தியது. வளர்ந்தவர்கள் வசதியாக அமரும் பின்னிருக்கை, பெரிய டிக்கி, பனி நாடுகளுக்கு ஏற்ற நான்கு சக்கர இயக்கத்துடன் ஒரு வகை ஆகியவை இருந்தன. ஹெல்கேட்டின் புகழைக் கேட்டு வந்தவர்கள் பலர், ஆறு சிலிண்டர் வகையை வாங்கிச் சென்றிருப்பார்கள். குடும்பக் காருக்குள் பந்தயக் கனவை வைப்பதே ஜி.டி.ஓ. வகுத்த இலக்கணம் என்று கொண்டால், பாரம்பரியத்துக்கு மிக நெருங்கி நின்றது இதுதான்.

மஸ்டாங் எந்தச் சொத்தையும் முழுதாக எடுக்காமல், எல்லாவற்றிலும் சிறிது வைத்துக்கொண்டது. 2015-இல் பின்சக்கரங்களுக்குத் தனித்தனித் தாங்கமைப்பு தந்து, வலப்பக்க ஓட்டு வகையையும் தொழிற்சாலையிலேயே உருவாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பியது. நான்கு சிலிண்டர் வகை ஒருபுறம். 2024 வரிசையில் 480 குதிரைத்திறன் தரும் ஐந்து லிட்டர் ஜி.டி. மறுபுறம், நூர்பர்க்ரிங் தடத்தை ஏழு நிமிடத்துக்குள் சுற்றிய, 3 இலட்சம் டாலருக்கும் மேல் விலையுள்ள ஜி.டி.டி. இன்னொரு புறம்.

இந்தக் கடைசி விலை நம்மை விலைச்சீட்டுக்குக் கொண்டுவருகிறது. 1964-இன் 2,368 டாலர், அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2024-இல் ஏறத்தாழ 24,000 டாலருக்குச் சமம். ரோட் ரன்னரின் விலை ஏறத்தாழ 26,000. 2024-இன் மிக மலிவான மஸ்டாங் 30,000 டாலரைத் தாண்டியது. அதில் இருப்பது நான்கு சிலிண்டர். எட்டு சிலிண்டர் வேண்டுமெனில் 40,000-க்கு மேல் செல்ல வேண்டும். டீமன் 170-இன் அறிவிக்கப்பட்ட விலையே 96,666 டாலர். காற்றுப்பைகளும் உமிழ்வுக் கட்டுப்பாடும் மின்னணுப் பாதுகாப்பும் சேர்ந்த காருக்கு இந்த விலையேற்றம் அநியாயம் என்று சொல்ல முடியாது. 1968-இன் இளைஞனைவிட இன்றைய இளைஞன் பன்மடங்கு பாதுகாப்பாகவே செல்கிறான். ஆனால் முதல் சம்பளத்தில் வாங்கக்கூடிய பேரளவு வேகம் என்ற பொருளில் அந்தப் பாரம்பரியம் மெலிந்துவிட்டது.

பழைய கார்களோ வேறு சந்தைக்குப் போய்விட்டன. 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங்கை ஓர் அமெரிக்கக் குடும்பம் 1974-இல் 6,000 டாலருக்கு வாங்கி, அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தியது. 2020-இல் அது ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 37 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அத்தகைய விலைக்கு வாங்கப்படும் காரை எவரும் சிவப்பு விளக்கில் பந்தயத்துக்கு நிறுத்தப் போவதில்லை.

இந்தியாவுக்கு மஸ்டாங் முறையாக வந்தது 2016-இல். தில்லி காட்சியக விலை 65 இலட்சம் ரூபாய். அமெரிக்காவில் அதே ஐந்து லிட்டர் ஜி.டி.யின் தொடக்க விலை அன்றைய மாற்று விகிதத்தில் 22 இலட்சம் ரூபாய் அளவில் இருந்தது. முழுமையாக உருவாக்கி இறக்குமதி செய்யப்படும் பெரிய எஞ்சின் காருக்கான சுங்கவரியும், கூடுதல் வசதிகளும், ஏனைய வரிகளும் சேர்ந்து, தொழிலாளியின் காரைத் தொழிலதிபரின் காராக்கிவிட்டன. மறைமலைநகரில் ஃபோர்டுக்குப் பெரிய தொழிற்சாலை இருந்தும், மஸ்டாங் அங்கே உருவாகவில்லை.

2023 டிசம்பரில் கடைசிச் சாலஞ்சரும், அதை ஒட்டிய நாள்களில் கடைசிக் கமேரோவும் தொழிற்சாலையை விட்டு வெளியேறின. டாட்ஜ் தன் பழைய சார்ஜர் பெயரில் 670 குதிரைத்திறன் வரை தரும் மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. பழைய எட்டு சிலிண்டர் உறுமலை ஒலிபெருக்கி வழியே எழுப்பும் கருவி ஒன்றையும் அதில் பொருத்தியது. ஆர்வலர்கள் அதைக் கேட்டுவிட்டு, பெட்ரோல் எப்போது என்று வினவினர். 550 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் வகையும் அதே உடலில் வந்தது. ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினோடும் கையால் மாற்றும் கியரோடும் மிச்சிகனின் ஃபிளாட் ராக் தொழிற்சாலையிலிருந்து மஸ்டாங் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.