இடது சக்கரத்துக்கு ஐந்து சுற்று அதிகம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையை வலப்பக்கம் வைத்தபடி ஆட்டோவில் ஒரு சுற்று வருகிறோம். கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும்போது, பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே தூரம் ஓடியிருக்குமா?

இருக்காது. மலைப்பக்கம் இருக்கும் வலது சக்கரத்துக்கு உள்வட்டம், இடது சக்கரத்துக்கு வெளிவட்டம். இரண்டுக்கும் இடைவெளி ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இடது சக்கரம் 6.28 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், பாதையின் நீளத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டாண்டில் நிற்கும் வேப்பமரத்தை ஒரு சுற்று சுற்றினாலும் அதே 6.28 மீட்டர்தான்! இடைவெளியை 3.14-ஆல் பெருக்கி இரட்டிப்பாக்கினால் விடை. வழியில் வண்டி இடமும் வலமுமாக எத்தனை முறை ஒடித்தாலும், அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

ஆட்டோ சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.3 மீட்டர். ஆக, ஒரு கிரிவலத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். அதில் இடதுக்கு ஏறக்குறைய ஐந்து சுற்று அதிகம். சொந்தமாக மூன்று சக்கர மோட்டார் வண்டி கட்ட இறங்குகிறவர் பட்டறையில் மல்லுக்கட்ட வேண்டியது இந்த ஐந்து சுற்றோடுதான்.

தேருக்கு இல்லாத தொல்லை

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் வரும் பெரிய தேருக்கு இந்தக் கவலை கிடையாது. அதை இழுப்பது வடம். மூலையில் திருப்புவது முட்டுக்கட்டை. சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன. மாட்டு வண்டியும் அப்படித்தான்: அச்சு அசையாது; கடையாணி காக்க, இரு சக்கரங்களும் தத்தம் போக்கில் சுற்றும்.

எஞ்சினோ சக்கரத்தையே பிடித்துத் திருப்புகிறது. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால், திருப்பத்தில் ஒன்று தரையோடு இழுபடும். டயர் தேயும், வண்டி வளைய மறுத்து நேராகவே போகப் பார்க்கும்.

தப்பிக்க எளிய வழி, ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் விசை கொடுப்பது. சென்னை மீன்பாடி வண்டியில் சுமை முன்னிரு சக்கரங்கள் மேல். பழைய டூவீலர் எஞ்சின் சுற்றுவது பின்னாலுள்ள ஒன்றை. தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரிலும் விசை பழைய பின்சக்கரத்துக்கே. பக்கச் சக்கரங்கள் தாங்குவதற்கு மட்டும்.

பங்கு பிரிக்கும் பற்சக்கரம்

இரண்டு சக்கரங்களுக்கும் விசை வேண்டுமென்றால் டிஃபரன்ஷியல் தேவை. பிரான்ஸ் நாட்டுக் கடிகாரக் கைவினைஞர் ஒனெசிஃபோர் பெக்கூர் 1827-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1877-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி இதை மிதி ட்ரைசைக்கிளில் பொருத்தினார். 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மோட்டார் காருக்கும் சக்கரம் மூன்றுதான். அதிலும் டிஃபரன்ஷியல் உண்டு. நம்மூர் ஆட்டோ இந்த வம்சத்தின் வாரிசு. பஜாஜ் 1977-இல் கொண்டுவந்த பின்பக்க எஞ்சின் ஆட்டோவில் எஞ்சினும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கட்டாக உட்கார்ந்திருக்கும்.

நேர்ச்சாலையில் டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் குட்டிப் பற்சக்கரங்கள் தம்மைத்தாமே சுற்றாமல் கூட்டோடு சேர்ந்து போகும். திருப்பத்தில் அவை சுழன்று, ஒரு பக்கம் குறைத்ததை மறுபக்கம் கூட்டிக் கொடுக்கும்.

வளையவும் நீளவும் வேண்டும்

டிஃபரன்ஷியல் வரை விசையைக் கொண்டுபோவது டிரைவ் ஷாஃப்ட். பைக் எஞ்சினை முன்னாலும் காரின் பின் அச்சைப் பின்னாலும் வைத்துக் கட்டும் வண்டியில் சிக்கல் இங்கேதான் முளைக்கும். எஞ்சின் சேஸிஸோடு நிற்கிறது. அச்சோ பள்ளம் மேடுக்கெல்லாம் ஏறி இறங்குகிறது. ஆகவே ஷாஃப்ட்டின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட்.

இந்த ஜாயின்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. 20 டிகிரி வளைந்து நின்றால், உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும், வெளியேறும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 6 சதவீதம் கூடி, இருமுறை 6 சதவீதம் குறையும். அதுதான் உட்கார்ந்திருப்பவர் முதுகில் அதிர்வாக ஏறுகிறது. மருந்து, இரண்டாவது ஜாயின்ட்டே. இரண்டும் சம கோணத்தில் வளைந்து, ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே வரிசையில் இருந்தால், முதலாவது கெடுத்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். கவை 90 டிகிரி மாறிப் பொருந்தினால் கோளாறு இரட்டிப்பாகும். ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் அனுபவசாலி மெக்கானிக் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

அச்சு ஏறி இறங்கும்போது நீளமும் மாறும். அதற்கு ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் வரிசை இருக்கிறது. அதிகம் உள்ளே போனால் ஷாஃப்ட் கியர்பாக்ஸ் பேரிங்கை இடிக்கும். அதிகம் வெளியே வந்தால் கழன்று ரோட்டில் விழும். எனவே ஜாக்கியில் தொங்கும் காலி வண்டியை மட்டும் அளந்து ஷாஃப்ட் வெட்டக் கூடாது. ஆட்களை ஏற்றி உட்காரவைத்தும் அளக்க வேண்டும்.

பின் அச்சைத் தலைகீழாக மாட்டிவிட்டால் இன்னொரு கூத்து. முன்னே போக வேண்டிய கியர் எல்லாம் வண்டியைப் பின்னோக்கித் தள்ளும். ரிவர்ஸ் கியர் உள்ள வண்டியானால், அதைப் போட்டால்தான் முன்னால் போகும்!

ஓட்டிப் பார்க்கும் ஆசைக்குச் சட்டம் குறுக்கே நிற்கும். உற்பத்தியாளர் தந்த அசல் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆனால் ஒரு சோதனைக்கு யார் அனுமதியும் வேண்டாம். எஞ்சினை அணைத்து, கியரைப் போட்டு, பின்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். வலது சக்கரத்தைக் கையால் முன்னோக்கித் தள்ளினால் இடது பின்னோக்கிச் சுற்ற வேண்டும். சுற்றினால் டிஃபரன்ஷியல் தன் வேலையைச் செய்கிறது. இரண்டும் இறுகி அசைய மறுத்தால், அந்த ஐந்து சுற்றும் கிரிவலப் பாதையில் டயர் ரப்பராகத்தான் கரையும்.